லாரியிலிருந்து விழுந்த கால்

எங்கள் குடும்பத்தில் போருக்குப் போய் வந்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் லாரியில் இருந்து விழுந்து காலைக் கெடுத்துக்கொண்டு வந்தவர். இதை நானாகச் சொல்லவில்லை, அவரே சொன்னது. என் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, எழுபத்தொன்றாம் வருடப் பாகிஸ்தான் போரில் ராணுவ லாரி ஓட்டினார். இடது தொடையில் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பும், நடையில் ஒரு சின்னச் சாய்வும் அந்தப் போரில் அவருக்கு மிஞ்சியவை. சின்ன வயதில் ஒருநாள் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்து, "எதிரி சுட்டானா பெரியப்பா?" என்று கேட்டேன். "எவன் சுட்டான்? லாரியில இருந்து விழுந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

அன்றிலிருந்து நாற்பது வருடத்துக்கு மேலாக அந்த லாரியை நான் விடவில்லை. கல்யாண வேனில் அவர் காலெடுத்து வைத்தால், "பாத்து ஏறுங்க, ஏற்கெனவே ஒரு யுத்தம் முடிச்சிருக்கோம்" என்பேன். பல்பு மாட்ட ஏணியில் ஏறினால் கீழே நின்றுகொண்டு எல்லையில் பதற்றம் என்று செய்தி வாசிப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். "லாரியில இருந்து விழுந்தவனுக்கு என்னத்துக்கு மேடை" என்று மறுத்துவிட்டார். மேடையில் இருந்தும் விழுந்து வைப்பாரோ என்று பயமாக இருக்கிறது என்று அதற்கும் ஒன்று சொன்னேன். மனிதர் கோபப்பட்டதே கிடையாது. பட்டாளத்தில் இருந்து வந்த பிறகு ஒரு நூல் மில்லில் அவருக்கு வேலை கிடைத்தது. என்ன வேலை என்றால், லாரி ஓட்டுவது. அதில் இருந்து ஒரு தடவைகூட விழவில்லை என்பதையும் நான் குறிப்பிடாமல் விட்டதில்லை.

அவருக்கும் அவர் மனைவியான என் பெரியம்மைக்கும் பிள்ளைகள் இல்லை. சங்கரன்கோவிலில் என் வீட்டுக்கு அடுத்த தெருதான் அவர்கள் வீடு. காலையில் தாலுகா ஆபீசுக்கு ஸ்கூட்டியில் போகும்போது ஒரு அதட்டல், சாயங்காலம் திரும்பும்போது ஒரு அதட்டல் என்று இருவரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவர்களைக் கேட்டால், அவர்கள் என்னைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்வார்கள்.

ஆடி மாதம் வந்தால் பெரியம்மையைப் பிடிக்க முடியாது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் எங்கள் ஊரில் கோவிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். தவம் இருக்கிற கோமதியம்மன் ஒற்றைக் காலில் நிற்கிறாள் அல்லவா, நாம் சுற்றினால் அவள் கால்வலியில் கொஞ்சம் நம் காலுக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை. பெரியம்மை இதை ஒரு கொடுக்கல் வாங்கலாகவே வைத்திருந்தாள். "உன் கால்வலிய நான் வாங்கிக்கிடுதேன். லாரியில இருந்து விழுந்த எங்க வீட்டுக்காரர் கால நீ பாத்துக்கிடு" என்று கொடிமரத்தடியில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவாள். நூற்றெட்டுச் சுற்று. முதல் வருடம் கோவில் வாசலில் நேர்த்திக்கடன் உரு விற்கிற கடையில் போய், வெள்ளித் தகட்டில் லாரி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். கை, கால், கண், பாம்பு, தேள், தொட்டில், வீடு எல்லாம் இருக்கிறது, லாரி மட்டும் இல்லை என்றார்களாம். சரி என்று ஒரு காலை வாங்கி உண்டியலில் போட்டாள். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு கால்.

பெரியப்பா சுற்ற மாட்டார். பிரகாரத்தில் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்துகொண்டு கணக்கு வைத்துக்கொள்வார். மடியில் நூற்றெட்டுப் புளியங்கொட்டை. பெரியம்மை ஒரு சுற்று முடித்து அவரைக் கடக்கும்போது ஒரு கொட்டையை எடுத்துப் பைக்குள் போடுவார். ஒவ்வொரு தடவையும் அவர் உதடு அசையும். வாயசைத்து எண்ணினால்தான் பெரியப்பாவுக்குக் கணக்கு வரும் என்று அதையும் நான் கேலி செய்திருக்கிறேன்.

போன வைகாசியில் அவருடைய இடது காலில் இருந்த செருப்பு தெருவில் கழன்று போனது. அது கழன்றதே தெரியாமல் வீடு வரைக்கும் வந்துவிட்டார். அடுத்த வாரம் குளியலறையில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். திருநெல்வேலிக்கு அழைத்துப் போனேன், பெரியம்மையும் கூட வந்தாள். முதுகுத் தண்டில் நரம்பு அழுந்துகிறது, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும், தள்ளிப்போட்டால் கால் முழுதாக ஓய்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார்.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஒரு பெண் பாரத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். உடம்புக்குள் பிளேட், கம்பி, குண்டு, எந்த உலோகமாவது இருக்கிறதா? இது பெரிய காந்தம், உள்ளே இரும்பு இருந்தால் உயிருக்கே ஆபத்து, யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

பெரியப்பா யோசிக்கவே இல்லை. "ஒண்ணும் கெடையாது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "மிலிட்டரியிலதான் இருந்தாரு. ஆனா லாரியில இருந்து விழுந்தவரு. லாரி ஒண்ணும் உள்ள இல்லம்மா" என்றேன். சொல்லிவிட்டு நானே சிரித்துக்கொண்டு, உலோகம் இல்லை என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மிலிட்டரி என்றால் முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடலாம் என்று சொல்லி அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள்.

படத்தை டாக்டர் வெளிச்சத்தில் மாட்டினார். தொடையிலும் இடுப்பை ஒட்டியும் வெள்ளை வெள்ளையாக ஐந்து புள்ளிகள். நான்கு, கடுகு அளவு. ஒன்று மிளகைவிடப் பெரியது. "இதெல்லாம் ஷெல் துண்டு. நரம்பை ஒட்டிக் கிடக்கு. இதை வச்சிக்கிட்டு இவ்வளவு வருஷம் எப்படி நடந்தாருன்னு எனக்கே ஆச்சரியமா இருக்கு" என்றார். காந்தத்துக்குள் அனுப்ப வேண்டாம், வேறு ஸ்கேன் எடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம், ஆனால் ஆபரேஷன் இந்த மாதத்துக்குள் நடந்தாக வேண்டும் என்றும் சொன்னார். உலோகம் இல்லை என்ற வரிக்குக் கீழே நான் போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது. இருபத்தெட்டு வருடமாக, சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று எனக்குக் கீழே வருகிறவர்களை எல்லாம் திட்டி வந்தவள் நான்.

பெரியம்மை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"லாரியில இருந்து விழுந்தேன்னு சொன்னியளே?" என்று கேட்டேன்.

"விழுந்தது நெசந்தானட்டி."

"ஏன் விழுந்தீய?"

"பக்கத்துல ஷெல்லு வெடிச்சா விழாம என்ன செய்ய?"

உயிருக்கு ஆபத்து என்று அந்தப் பெண் சொன்னாளே, அப்போதாவது வாயைத் திறக்கக் கூடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவர் கண்ணால் பெரியம்மையைக் காட்டி, குரலை இறக்கி, "அவ பக்கத்துல இருந்தால்லா" என்றார்.

காரில் திரும்பும்போது தேவர்குளம் பக்கம் பெரியப்பா தானாகவே ஆரம்பித்தார். அவருக்கும் பெரியம்மைக்கும் நிச்சயமாகி இருந்த சமயத்தில்தான் போர் வந்திருக்கிறது. துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறவனுக்குப் பெண் கிடையாது என்பது பெரியம்மையின் அப்பாவுடைய கட்சி. நான் லாரிக்காரன், பின்னாலதான் நிற்பேன், அரிசி பருப்பு கொண்டுபோகிற ஆள் என்று சொல்லித்தான் பெரியப்பா நிச்சயம் வரைக்கும் வந்திருக்கிறார். அடிபட்டதும், லாரியில் இருந்து விழுந்துவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் இருந்து கடிதம் போயிருக்கிறது. ஊருக்குக் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தவரை மாமனார் நேராக அம்மன் சன்னதிக்குக் கூட்டிப்போய், சூடத்தை ஏற்றி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருக்கிறார். லாரியில் இருந்துதான் விழுந்தேன் என்று பெரியப்பாவும் அணைத்திருக்கிறார்.

"அதுல ஒரு வார்த்த பொய் உண்டா? நீயே சொல்லுட்டி, ஆபீசுல வேல பாக்குதல்லா" என்று என்னிடம் நியாயம் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். இந்த மாதிரி எழுதிக் கொடுக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். எழுதியதில் பிழை இருக்காது, எழுதாமல் விட்டதில்தான் இருக்கும்.

பெரியம்மை வீட்டுக்கு வந்து, கால் கழுவி, விளக்கேற்றிய பிறகுதான் வாயைத் திறந்தாள். புருஷன் ஐம்பது வருடம் மறைத்துவிட்டானே என்று அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பக்கமே அவள் போகவில்லை.

"எங்க அப்பா ஏமாந்தது அவரு பாடு. நான் அம்மங்கிட்ட என்னன்னு சொல்லிச் சுத்தினேன்? லாரியில இருந்து விழுந்த காலுக்குல்லா சுத்தினேன்? அவ அந்தக் காலத் தேடிக்கிட்டுல்லா இருந்திருப்பா இத்தன வருசமும்! ஷெல்லு பட்ட கால யாரு பாத்தா?"

"பெரியம்ம, அம்மனுக்குத் தெரியாததா?" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க ஆபீசுல ஒருத்தன் சர்வே நம்பரத் தப்பா எழுதி மனு குடுத்தா, அவன் நெலம் எதுன்னு உனக்குத் தெரியுங்கிறதுக்காவ பட்டா மாத்திக் குடுத்திருவியா?"

மாட்டேன். பிழையான விவரம் என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். அனுப்பியும் இருக்கிறேன், இதே பெரியம்மையின் மனு ஒன்றை.

முடிவாகச் சொல்லிவிட்டாள். தப்பாகச் சொல்லி வைத்திருக்கிற காலைக் கத்திக்குக் கொடுக்க மாட்டாள். எந்த ஊர், எந்த இடம், என்ன பட்டது, மூன்றையும் சரியாக அம்மனிடம் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரிச் சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போடுவாள். பெரியப்பாவோ அவள் கையெழுத்து இல்லாமல் ஆபரேஷன் மேசையில் ஏற மாட்டேன் என்கிறார். அவள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி அவருக்குப் பழக்கம் இல்லை. கொடியேற்றத்துக்கு மூன்று வாரம் இருந்தது. டாக்டர் கொடுத்த கெடுவும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"சரி, எந்த ஊருன்னு சொல்லுங்க. சொல்லித் தொலைச்சிருவோம்" என்று பெரியப்பாவைக் கேட்டேன்.

"எந்த ஊருன்னு எனக்கு எப்படித் தெரியும்? பஞ்சாப் பக்கம். முன்னால போற லாரியோட பின்பக்கத்தப் பாத்துக்கிட்டே போனேன். எங்கன நிறுத்துனானோ அங்கன நிறுத்துனேன்."

ஆக, தனக்கு எங்கே அடிபட்டது என்று அடிபட்டவருக்கே தெரியாது. எனக்கு உள்ளுக்குள் ஒரு வீறாப்பு வந்தது. ஐந்து தலைமுறைக்கு முந்தைய பத்திரத்தில் எல்லை தேடிக் கண்டுபிடித்தவள் நான், ஒரு ஊரைக் கண்டுபிடிக்க முடியாதா என்று நினைத்தேன்.

முதலில் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம். இரும்புப் பெட்டியின் அடியில், பழைய காக்கிச் சட்டைக்குள் சுற்றி வைத்திருந்தார். இத்தனை வருடமும் அந்தப் பெட்டிச் சாவி ஏன் அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. உள்ளே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, போர்க் காயம், இடது தொடை. இடம் என்ற கட்டத்தில் ஃபீல்ட் என்று மட்டும் எழுதியிருந்தது. போர்முனையில் என்று அர்த்தம் எனப் பெரியம்மைக்கு விளக்கினேன். "முனைன்னா, எந்த ஊரு முனை?" என்றாள்.

அடுத்து முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள், பதில் வரும் என்றார். எப்போது வரும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு நானே எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். மனு எழுதி, நகல்களை இணைத்து, ஒப்புகை அட்டையோடு அனுப்பிவிட்டு வந்தேன். இதை எழுதுகிற இன்றுவரை அது பரிசீலனையில் இருக்கிறது.

பத்து நாள் போய்விட்டது. பெரியப்பா இப்போது வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒருநாள் காபியை வாங்கிக்கொண்டே, "சிவகிரியில ஒருத்தன் இருக்கான். என்கூட லாரியில இருந்தவன்" என்றார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டால், "நீ அவனப் பத்திக் கேக்கவே இல்லயே" என்கிறார். சூடத்தை அணைத்த கை அல்லவா!

ஞாயிற்றுக்கிழமை சிவகிரிக்குப் பஸ் ஏறினேன். அவர் நண்பர் ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் இருந்தார். காது மந்தம். நான் யார் என்பதை மூன்று தடவை கத்திச் சொன்ன பிறகு, "ஓ, லாரியில இருந்து விழுந்தவன் மக!" என்று சிரித்தார். அவரும் அதையேதான் சொன்னார். ஆனால் அவர் சொன்னபோது அது கேலியாக இல்லை.

அன்று லாரி நிறைய கோதுமை மாவு மூட்டை. ஒரு செங்கல் சூளைப் பக்கம் வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள். மூட்டை ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது என்று பெரியப்பா பின்னால் ஏறி அடுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். அப்போதுதான் பக்கத்து வயலில் ஷெல் வந்து விழுந்திருக்கிறது.

"மூட்டைதான் காப்பாத்திச்சு மக்கா. தெறிச்சதுல பெரும்பங்க மாவு வாங்கிட்டு. மிச்சம் உங்க பெரியப்பன் காலுக்கு. தூக்கி எறிஞ்சதுல கீழ கெடக்கான். தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ள. செத்துட்டான்னு நெனச்சு மொகத்தத் தொடச்சா, கண்ண முழிச்சு, எத்தன மூட்ட போச்சுங்கான். அந்நேரம் அவன அறைஞ்சிருக்கணும்."

சூளை ஓரமாக ரோட்டில் ஒரு மைல்கல். அந்தக் கல்லில் சாய்ந்துகொண்டு, பெரியப்பாவின் தலையை மடியில் வைத்து, வண்டி வருகிறவரைக்கும் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாராம். பெரியப்பா அழுதிருக்கிறார். என் பெரியப்பா அழுது நான் பார்த்ததில்லை. வலி தாங்காமல் அழுதாரா என்று கேட்டேன்.

"எங்க! கால் போயிருமேன்னு அழல. கல்யாணம் போயிருமேன்னுல்லா அழுதான். லாரியில இருந்து விழுந்தேன்னு எழுதுடா, எழுதுடான்னு ஒரே பொலம்பல். அந்தக் கடுதாசிய நான்தான் எழுதினேன். அவன் கை அவன் சொன்னபடி கேக்கல."

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, அந்தக் கல்லில் ஊர்ப் பெயர் இருந்ததா என்று கேட்டேன். இதற்குத்தானே வந்தேன்.

"இருந்துச்சு. சண்டைக் காலம்னு ஊருப் பேர் மேலெல்லாம் தார் பூசிட்டானுவ, எதிராளி வந்தா வழி தெரியக் கூடாதுன்னு. அவசரத்துல பூசுனவன் கீழ நம்பர விட்டுட்டான். பதினொண்ணு. அது மட்டும் எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்கி."

அந்த வழி எதிராளிக்குத் தெரிந்ததோ இல்லையோ, பெரியம்மைக்குத் தெரியாமல் போய்விட்டது. திரும்பும் பஸ்ஸில் கரிவலம்வந்தநல்லூர் வரைக்கும் போனில் பஞ்சாப் வரைபடத்தைத் திறந்து செங்கல் சூளை தேடினேன். செங்கல் சூளை இல்லாத ஊரைத் தேடியிருந்தால் சீக்கிரம் கிடைத்திருக்கும் போல. எல்லையோரமாக எல்லா ஊரிலும் இருக்கிறது. எந்த ஊருக்குப் பதினோராவது கல் என்று யாரைப் போய்க் கேட்பது?

வந்து பெரியம்மையிடம் கதை முழுவதையும் சொன்னேன். மாவைச் சொன்னேன், கல்லைச் சொன்னேன். அவர் எதற்காக அழுதார் என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டபோது அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். "ஊரு?" என்றாள்.

பேசாமல் அந்தப் பக்கத்தில் ஏதாவது ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லிவிடலாமே என்றேன். பார்த்தாளே ஒரு பார்வை! நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

அங்கே பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து மரத்துப்போன பாதத்தை நீவிக்கொண்டிருந்தார். என்னால் அடக்க முடியவில்லை. "நாப்பது வருசமா உங்களக் கேலி பண்ணியிருக்கேன். எனக்கு அசிங்கமா இருக்கு. எங்கிட்டயாவது ஒரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நல்லாயிருக்கே! நீ கேலி பண்ணப்போயிதான் ஒரு பயலும் சந்தேகப்படல" என்றார். "அவளே ரெண்டு மூணு தடவ தழும்பத் தடவிப் பாத்துட்டு யோசிக்க ஆரம்பிச்சா. அப்பல்லாம் நீ வந்து லாரின்னு கத்துவ. அதோட விட்டிருவா."

நாற்பது வருடமாக அவர் பொய்க்கு நான்தான் காவல் இருந்திருக்கிறேன். சம்பளம் இல்லாத வேலை, என்னைவிடச் சிறப்பாக யாரும் பார்த்திருக்கவும் முடியாது.

கொடியேற்றத்தன்று காலையில் அவரை ஆட்டோவில் வைத்துக் கோவிலுக்குக் கொண்டுபோனோம். கூட்டத்துக்குள் அவரைக் கைத்தாங்கலாக நடத்தி அந்தத் தூண் ஓரத்தில் உட்கார வைத்தேன். மடியில் புளியங்கொட்டையை விரித்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு இன்னும் நாலு நாள். கையெழுத்து ஆகாத பாரம் என் கைப்பையில் இருந்தது. கொடி ஏறியதும் ஜனங்கள் திமுதிமுவென்று சுற்ற ஆரம்பித்தார்கள். பெரியம்மை மட்டும் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். கும்பிட்ட கை கும்பிட்டபடி இருந்தது, வாய் திறக்கவில்லை. பிறகு திரும்பி எங்களிடம் வந்தாள்.

"எனக்குச் சொல்ல வரல. ஊருப் பேரு இல்லாம என்னன்னு சொல்ல? அம்பது வருசம் தப்பாச் சொல்லிட்டேன். மறுபடியும் அரைகுறையாச் சொல்லி, அங்க கத்தி வைக்கும்போது ஏதாவது ஒண்ணு ஆயிப்போச்சுன்னா…" என்றாள். எக்ஸ்ரே படம் பார்த்ததில் இருந்து அவள் கண் கலங்கியது அப்போதுதான்.

பெரியப்பா மடியில் இருந்த கொட்டைகளைக் கையால் அளைந்துகொண்டே இருந்தார். "நீ தப்பாச் சொன்னா என்ன? நான் சரியாத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

"எங்கன சொன்னிய?"

"இங்கனதான். இந்தத் தூணுல இருந்து." ஒரு கொட்டையை எடுத்துக் காட்டினார். "நீ ஒவ்வொரு தடவ என்னத் தாண்டும்போதும் சொல்லுவேன். தாயே, அவ லாரின்னுதான் சொல்லுவா, அவளுக்குத் தெரியாது. ஷெல்லு பட்ட காலு, ஊருதான் தெரியாது, பதினோராம் கல்லு, செங்கச் சூளைப் பக்கம். நீ திருத்திக்கிடு. இப்படி ஒரு கொட்டைக்கு ஒரு தடவ. ஒரு சுத்து விட்டதில்ல."

அவர் உதடு அசைந்தது எண்ணுவதற்காக இல்லை. கல்லும் சூளையும் அவருக்கு முன்னமே தெரியும், நான்தான் ஊரை மட்டும் கேட்டிருந்தேன்.

பெரியம்மை அவர் கையில் இருந்த கொட்டையைப் பார்த்தாள். பிறகு, "அப்பம் ஏன் கால் சரியாவல?" என்று கேட்டாள்.

"ஆவலன்னு யாரு சொன்னா? இத வச்சிக்கிட்டு எப்படி நடந்தாருன்னு டாக்டரு கேட்டாருல்லா. நடந்தேன்லா? உன் பின்னாலதான நடந்தேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கையை நீட்டினாள். பாரத்தைக் கொடுத்தேன். தூணில் வைத்து, கோடு கோணலாகாமல், நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். பேனாவை என்னிடம் தந்துவிட்டு, கொடிமரத்துப் பக்கம் போய், இந்தத் தடவை சத்தமாகவே சொன்னாள். "பதினோராம் கல்லு தாயே. ஊருப் பேருல தார் பூசிட்டானுவளாம். நீதான் பாத்துக்கிடணும்." அப்புறம் எழுபது வயதுக்கு மீறிய வேகத்தில் கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

நான் கைப்பையைப் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். என் கால் இதற்குமுன் ஒரு சுற்றுகூடச் சுற்றியதில்லை.

"ஏட்டி, நீயுமா? நீ என்னன்னு சொல்லிச் சுத்துவ?" என்று கேட்டார்.

"லாரியில இருந்து விழுந்த காலுக்குன்னுதான் சொல்லுவேன். எனக்கு அதுதான் வாயில வரும். நீங்க திருத்திருங்க."

"சரி, போ. திருத்திருதேன்" என்று ஒரு கொட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.